ரெஸ்பைட் கேளுங்கள், ரிலீஃப் கேட்காதீர்கள்

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரவில் வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். இரண்டு வாரம் நைட் ஷிஃப்ட் இல்லாமல் இருந்தால் போதும். என் டீமில் இருந்த ஒரு பெண் இதற்காக மேனேஜருக்கு மெயில் எழுதினாள். முதல் வரியே 'கைண்ட்லி ரிலீவ் மீ' என்று தொடங்கியது. பிறகு இரண்டு பத்தி முழுக்கக் காரணம். 'இரண்டு வாரம்' என்பது கடைசி வரியில் இருந்தது. மேனேஜர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு ஹெச்ஆருக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலை ஹெச்ஆரிடமிருந்து கேள்வி வந்தது: நோட்டீஸ் பீரியடை முழுவதும் சர்வ் செய்வீர்களா, பை-அவுட் செய்வீர்களா?

பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள். ஒரு ஃபோன் காலில் சரிசெய்துவிட்டோம். மேனேஜரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் ஆபீஸில் 'ரிலீவ்' என்றால் வேலையை விட்டுப் போவது. ரிலீவிங் ஆர்டர், ரிலீவிங் லெட்டர், ரிலீவிங் டேட் என்று அந்தச் சொல்லுக்கு ஒரே வாசல்தான், அது வெளியே போகும் வாசல். அவள் தேடிய சொல் வேறு. ரெஸ்பைட்.

இந்த ஒரு சொல்லுக்காக ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். ஆமாம். ரெஸ்பைட் என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டவர் தேர்வில் மார்க் எடுப்பார், மெயிலில் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வார். அதைவிட முக்கியமாக, கிடைத்த இடைவெளியை வீணடிக்க மாட்டார்.

முதலில் பொருள்

அகராதியைத் திறந்தால் 'சிறு ஓய்வு', 'தற்காலிக நிவாரணம்' என்று இருக்கும். அது பாதிதான். ரெஸ்பைட் என்று சொல்ல மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஒரு கஷ்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். அது கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். திரும்ப வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேறு சொல் தேடுங்கள்.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி வெயில் தொடங்குகிறது. நடுவில் ஒருநாள் சாயங்காலம் சென்னையில் அரை மணி நேரம் மழை பெய்கிறது. மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் 'ப்ரீஃப் ரெஸ்பைட்' என்று தலைப்பு வரும். வெயில் தீர்ந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. குடையை எடுத்து உள்ளே வைத்துவிடாதே என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'நிவாரணம்' பொருந்தாது. வெள்ள நிவாரணம் என்றால் நமக்கு அரிசியும் பணமும்தான் ஞாபகம் வரும், அது ரிலீஃப். 'ஓய்வு' என்றால் பென்ஷன் நினைவுக்கு வந்துவிடும். 'அவகாசம்' கிட்டத்தட்டச் சரி. 'இளைப்பாறல்' இன்னும் நெருக்கம். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பரிடம் பேசும்போது கவனம்: இலங்கைத் தமிழில் 'இளைப்பாறிய அதிபர்' என்றால் பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்.

எனக்கு இந்தச் சொல்லைப் புரியவைத்தது ஒரு கல். பழைய சாலைகளின் ஓரம் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக் கல்லை வைத்திருப்பார்களே, சுமைதாங்கி, அதைத்தான் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையோடு நடந்து வருபவர் மூட்டையை அதன் மேல் இறக்கி வைப்பார். கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தரையில் இறக்கினால் திரும்பத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். தலைக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் தானே நகர்த்தித் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். தூக்கி நடப்பதற்கு வசதியாகத்தான் அந்த உயரத்தில் கட்டினார்கள். ஊர் இன்னும் வரவில்லை, பாதி வழிதான் ஆகியிருக்கிறது. அந்தக் கல்லின் முன் நிற்கும் ஐந்து நிமிடம்தான் ரெஸ்பைட்.

உச்சரிப்பும் வாக்கியமும்

ஸ்பெல்லிங் ஆர், இ, எஸ், பி, ஐ, டி, இ. பிரிட்டனில் 'ரெஸ்பைட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ரெஸ்பிட்'. இரண்டும் சரி. அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில், ரெஸ் என்பதில் விழ வேண்டும். நம்மில் பலர் 'டிஸ்பைட்' என்ற சொல்லின் தாளத்தில் 'ரிஸ்பைட்' என்று பின்பாதியை அழுத்துகிறோம். ஃபோன் இன்டர்வியூவில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு டிஸ்பைட் என்றே கேட்கும். அதற்கு 'இருந்தபோதிலும்' என்று பொருள், வாக்கியமே குலைந்துவிடும். பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

எதிலிருந்து விடுபடுகிறோமோ அதற்கு 'ஃப்ரம்': ரெஸ்பைட் ஃப்ரம் த ஹீட். எவ்வளவு நேரம் என்றால் 'ஆஃப்': எ ரெஸ்பைட் ஆஃப் டூ டேஸ். யாருக்கு என்றால் 'ஃபார்': எ ரெஸ்பைட் ஃபார் த டீம். 'ரெஸ்பைட் ஆஃப் த ஹீட்' என்று எழுதினால் தப்பு.

கூடவே வரும் சொற்களையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ப்ரீஃப், வெல்கம், மச்-நீடட் ஆகியவை முன்னால் வரும். கிவ், ப்ரொவைட், ஆஃபர், ப்ரிங் ஆகிய வினைகள் சேரும். 'நோ ரெஸ்பைட்', 'வித்அவுட் ரெஸ்பைட்' என்னும்போது 'எ' வேண்டாம். 'ரெஸ்பைட் மீ' என்று வினையாக்காதீர்கள். 'பெர்மனென்ட் ரெஸ்பைட்' என்பது தன்னையே மறுக்கும் தொடர். 'டெம்பரரி ரெஸ்பைட்' என்று பேப்பர்காரர்கள் நிறைய எழுதுகிறார்கள், தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ரெஸ்பைட் என்றாலே தற்காலிகம்தானே? ப்ரெஸி எழுதும்போது அந்த 'டெம்பரரி'யை வெட்டிவிடுங்கள், ஒரு வார்த்தை மிச்சம். 'ப்ரீஃப்' அப்படி இல்லை. எவ்வளவு சின்ன இடைவெளி என்று அது கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது.

பேச்சில் இந்தச் சொல் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். டீ குடிக்கப் போகும்போது 'ஐ நீட் எ ரெஸ்பைட்' என்றால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே 'ப்ரேக்', 'ப்ரீதர்' போதும். மெயில், ரிப்போர்ட், எஸ்ஸே, குரூப் டிஸ்கஷன் ஆகிய இடங்களில் ரெஸ்பைட் நன்றாக உட்காரும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ரிப்ரீவ்: இதோடுதான் குழப்பம் அதிகம். வரப்போகும் கெட்டது தள்ளிப்போனால் அல்லது ரத்தானால் ரிப்ரீவ். ஏற்கெனவே நடக்கும் கெட்டது சற்று நின்றால் ரெஸ்பைட். லே-ஆஃப் லிஸ்டில் உங்கள் பெயர் இருந்து கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்றால் அது ரிப்ரீவ். தினம் பதினான்கு மணி நேரம் வேலை பார்த்த டீமுக்கு க்ளையன்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையால் நான்கு நாள் மூச்சுவிட முடிந்தால் அது ரெஸ்பைட்.

லல் என்றால் யாரும் கொடுக்காமல் தானாக வரும் அமைதி, இரண்டு அலைக்கு நடுவில் இருப்பது போல. ஸ்டாப்கேப் என்றால் ஓட்டையை அடைக்கத் தற்காலிகமாகச் செய்யும் ஏற்பாடு, அதில் யாருக்கும் ஓய்வு கிடையாது. பாலியேட்டிவ் என்ற சொல்லின் வேரில் 'பாலியம்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது, அதற்குப் போர்வை அல்லது மேலங்கி என்று பொருள். வலியைப் போர்த்தும், நோயைத் தீர்க்காது. மொரட்டோரியம் என்பது லத்தீனில் தாமதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கடன், ஒப்பந்தம் போன்ற கடமைகளைச் சட்டப்படி நிறுத்திவைப்பதற்கு அதுதான் சொல்.

ரெஸ்பைட்டின் சொந்த வேர் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் 'ரெஸ்பெக்டுஸ்', அதாவது திரும்பிப் பார்த்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரெஸ்பைட் ஆயிற்று. மரியாதை என்ற பொருளில் நாம் சொல்லும் 'ரெஸ்பெக்ட்' இதற்கு உடன்பிறப்பு, அதே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மறுபடி யோசித்துப் பார்க்கக் கொடுக்கும் அவகாசம் என்பதுதான் ஆதிப் பொருள். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். அதில் ஆங்கிலம் 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு 36 வினாடிதான் கிடைக்கிறது, தப்பான விடைக்கு அரை மார்க் போகும். ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலையில் ஆங்கிலம் 30 கேள்விகள், 20 நிமிடம். இந்த வேகத்தில் கண்ணுக்குப் பழகிய சொல்லிலேயே விரல் போகும். ரெஸ்பைட்டுக்கு ஒருபொருட்சொல் கேட்கும்போது ஆப்ஷனில் 'ரெஸ்பெக்ட்', 'ஸ்பைட்' என்று வைத்தால் பாதிப் பேர் அங்கேயே விழுவார்கள். ப்ரேக், லல், ப்ரீதர், இன்டர்வல் இவற்றில் ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் விடை. ரிப்ரீவ் இருந்தாலும் எடுக்கலாம். வாக்கியத்தில் வித்தியாசம் பார்க்கும் நாம், ஒருபொருட்சொல் கேள்வியில் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

யுபிஎஸ்சியும் டிஎன்பிஎஸ்சியும் எழுதுபவர்கள் இங்கே இன்னொரு கதவைத் திறக்க வேண்டும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தருகிறது. பார்டன், ரிப்ரீவ், ரெஸ்பைட், ரெமிஷன் என்ற சொற்கள் அங்கே வரிசையாக வரும். அந்த இடத்தில் ரெஸ்பைட்டுக்கு ஓய்வு என்று விடை எழுதினால் மார்க் போச்சு. ஆட்சியியல் பாடத்தில் ரெஸ்பைட் என்றால், கைதியின் உடல் ஊனம், பெண் கைதியின் கர்ப்பம் போன்ற தனிப்பட்ட நிலையைக் கருதிக் குறைவான தண்டனை வழங்குவது. ரிப்ரீவ் என்றால் தண்டனையை, குறிப்பாக மரண தண்டனையை, தற்காலிகமாக நிறுத்திவைப்பது. கருணை மனு போட அந்த அவகாசம். அதாவது, ஆங்கிலத் தாளில் 'தற்காலிகம்' ரெஸ்பைட்டின் பக்கம். ஆட்சியியல் தாளில் அது ரிப்ரீவின் பக்கம். ஒரே சொல்லுக்கு இரண்டு தாளில் இரண்டு விடை. நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவையுங்கள்.

பணம் கற்றுக்கொடுத்த பாடம்

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத மொரட்டோரியம் அறிவித்தது. மே 22 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மொத்தம் ஆறு மாதம். அப்போது எனக்கு வந்த ஃபோன் கால்களில் பாதி ஒரே கேள்விதான்: இஎம்ஐ கட்ட வேண்டாமாமே? கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அப்புறம் கட்டலாம் என்றார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 9 சதவீத வட்டியில் 20 லட்சம் வீட்டுக்கடன் பாக்கி இருந்தவருக்கு ஆறு மாதத்தில் சுமார் 90 ஆயிரம் ரூபாய் வட்டி ஏறியது. வட்டியையே தள்ளுபடி செய்யக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, முழு வட்டித் தள்ளுபடி முடியாது என்றது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்பது மட்டுமே கிடைத்தது.

சம்பளம் நின்றுபோனவருக்கு அந்த ஆறு மாதம் உயிர் காத்தது. சம்பளம் வந்துகொண்டிருந்தும் இஎம்ஐ கட்டாமல் புது ஃபோன் வாங்கியவர் ரெஸ்பைட்டை ரிலீஃப் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். விலையும் கொடுத்தார்.

அடுத்த உதாரணம் திருப்பூரைத் தொட்டது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா நாடு வாரியாகப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. ஏப்ரல் 9 அன்று, அவை அமலுக்கு வந்த சில மணி நேரத்தில், 90 நாள் நிறுத்திவைப்பு என்றார்கள். அதுவரை 10 சதவீதம் மட்டும். ரெஸ்பைட், ரிப்ரீவ் இரண்டு சொல்லுமே அதற்குப் பொருந்தும். பொருந்தாத ஒரே சொல் ரிலீஃப். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீது வரி 50 சதவீதத்தில் வந்து நின்றது. அந்த 90 நாளைக் கப்பல் ஏற்றவும் வேறு சந்தை தேடவும் பயன்படுத்தியவருக்கும், பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தவருக்கும் ஆகஸ்ட் 27 ஒரே மாதிரி விடிந்திருக்காது.

ஆபீஸில் எப்படிக் கேட்பது

1. ஒரே ஒரு சுமையைச் சொல்லுங்கள். 'வொர்க்லோட் ஜாஸ்தியா இருக்கு சார்' என்றால் அது புலம்பல், பதிலும் புலம்பலாகத்தான் வரும். நைட் ஷிஃப்டா, வீக்எண்ட் சப்போர்ட்டா, இரண்டாவது க்ளையன்ட்டின் ஸ்டேட்டஸ் காலா? எது இறங்கினால் மற்றதை உங்களால் தொடர்ந்து தூக்க முடியுமோ அதை மட்டும் கேளுங்கள்.

2. திரும்பி வரும் தேதியை நீங்களே எழுதுங்கள். எல்லாவற்றிலும் இதுதான் பெரியது. மேனேஜரின் பயமெல்லாம் ஒன்றுதான்: இன்று கொடுத்தால் இதுவே நிரந்தரமாகிவிடுமோ? அந்தப் பயத்தை முதல் வரியிலேயே எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணை நான் மாற்றி எழுதச் சொன்ன மெயில் இரண்டே வரி: 'ஐ ரிக்வெஸ்ட் எ டூ-வீக் ரெஸ்பைட் ஃப்ரம் நைட் ஷிஃப்ட்ஸ், ஃப்ரம் த தேர்ட் டு த சிக்ஸ்டீன்த். ஐ வில் பீ பேக் ஆன் த நைட் ரோஸ்டர் ஆன் த செவன்டீன்த்.' அதற்குக் கீழே ஒரு வரியில் காரணம். மதியத்துக்குள் அப்ரூவல் வந்துவிட்டது.

3. மாற்று ஆளோடு போங்கள். உங்கள் ஷிஃப்டை யார் எடுப்பார் என்பது மேனேஜரின் தலைவலியாக இருக்கும்வரை பதில் 'பார்க்கலாம்'தான். சக ஊழியரிடம் முன்பே பேசுங்கள். சும்மா கேட்காதீர்கள். அவருடைய தீபாவளி வார சப்போர்ட்டை நான் பார்க்கிறேன் என்று கைமாற்றாகக் கேளுங்கள். ஆபீஸில் நல்ல உறவுகள் பெரும்பாலும் இப்படிக் கணக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் நீடிக்கின்றன.

4. நேரம் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் மார்ச் கடைசியில் கேட்கக்கூடாது. ஐடி ஆட்கள் ரிலீஸுக்கு முந்தைய வாரம் கேட்கக்கூடாது. ஒரு வேலையை நன்றாக முடித்துக்கொடுத்த மறுநாள் கேளுங்கள். உங்கள் மதிப்பு உச்சத்தில் இருக்கும் நாள் அது.

5. முதலில் நேரில், பிறகு மெயிலில். நேரில் சம்மதம் வாங்காமல் மெயில் போட்டால் சவால் போலத் தெரியும். மெயில் போடாமல் விட்டால் அப்ரைசலில் 'ஷிஃப்டைத் தட்டிக்கழித்தார்' என்று மாறிவிடும்.

'பர்ன்அவுட்' என்ற சொல்லை இந்தப் பேச்சில் சாதாரணமாக எடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதைப் பணியிடம் சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் ஃபைலில் அந்தச் சொல் ஏறினால் அடுத்த ஆன்சைட் வாய்ப்பின்போது யாராவது அதை எடுத்துக் காட்டுவார்கள். இது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. உண்மையிலேயே தூக்கம் போய், உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை என்றால் விஷயம் வேறு. அப்போது ரெஸ்பைட் கேட்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், மெடிக்கல் லீவ் எடுங்கள். அங்கே பெருமை பார்க்க வேண்டாம்.

சில ரெஸ்பைட் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதே இல்லை, சட்டம் கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்களுக்கு, வேலைக்கு நடுவில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. உங்களுக்குச் சேர வேண்டியதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கிடைத்த பிறகு

சுமைதாங்கியில் மூட்டையை வைத்தவர் என்ன செய்வார்? துண்டால் முகம் துடைப்பார், தண்ணீர் குடிப்பார். பிறகு தலையில் இருக்கும் சும்மாட்டை அவிழ்த்து, உதறி, இறுக்கமாகச் சுற்றி மறுபடி வைப்பார். அழுத்திய இடம் மாறியிருக்கும். அடுத்த இரண்டு மைல் அந்தச் சும்மாட்டில்தான் இருக்கிறது.

உங்கள் இரண்டு வாரத்துக்கும் இதே வரிசைதான். முதல் இரண்டு மூன்று நாள் தூங்குங்கள், குற்றவுணர்ச்சி இல்லாமல். அதன் பிறகு ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எது என்னை இவ்வளவு களைக்கவைத்தது? வேலையின் அளவா, வேலை வரும் விதமா? தினம் இரவு ஒன்பது மணிக்கு வரும் கால்தான் காரணம் என்றால், திரும்பிப் போன முதல் வாரத்திலேயே அதை ஏழு மணிக்கு மாற்றக் கேளுங்கள். ஒரே ரிப்போர்ட்டைக் கையால் போடுவதுதான் காரணம் என்றால் ஒரு மேக்ரோ எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்த்தல் என்று அந்த லத்தீன் வேருக்குப் பொருள் சொன்னேனே, இதற்காகத்தான். எதையும் மாற்றாமல் திரும்பினால் மூன்றே வாரத்தில் மறுபடி அதே கல்லைத் தேடுவீர்கள். இரண்டாவது முறை கேட்கும்போது மேனேஜரின் முகம் முதல் முறை போல இருக்காது.

ஐடி கம்பெனியில் இருப்பவர்களுக்குப் பெஞ்ச் ஒரு பெரிய ரெஸ்பைட். ப்ராஜெக்ட் முடிந்தது, அடுத்தது வரவில்லை, சம்பளம் வருகிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். காலம் மாறிவிட்டது. டிசிஎஸ் 2025 ஜூன் 12 முதல் கொண்டுவந்த விதி, ஆண்டுக்கு 225 நாள் பில்லபிள் வேலை, பெஞ்ச் 35 வேலை நாளுக்கு மேல் கூடாது என்றது. 35 வேலை நாள் என்றால் ஏழு வாரம். முதல் வாரத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பித்து, உள்ளே இருக்கும் ஓப்பனிங்குகளின் மேனேஜர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ஒரு சர்ட்டிஃபிகேஷன் முடியுங்கள். ஒன்று போதும், மூன்றில் கால் வைக்காதீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரும் அதே ப்ராஜெக்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு

டீம் லீடாகப் போகிறவர்கள் இதைப் படியுங்கள். சம்பளம் கூட்டித் தர உங்களுக்கு அதிகாரம் இருக்காது, ப்ரமோஷன் உங்கள் கையில் இல்லை. ரெஸ்பைட் உங்கள் கையில் இருக்கிறது. கேட்பதற்கு முன் கொடுத்தால் அதன் மதிப்பே வேறு. எனக்கு அப்படிக் கொடுத்த ஒரு லீடுக்காக மூன்று வருடம் வேறு ஆஃபரைப் பார்க்காமல் இருந்தேன். சுயநலமாகவே கணக்குப் போட்டாலும் லாபம்தான். ஒரு ஆள் போனால் புது ஆளைத் தேடி, பழக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகும் என்று லீடாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சொல்லுக்குக் கடைசியாக ஒரு முகம் இருக்கிறது. 'ரெஸ்பைட் கேர்'. முதுமை, மறதி நோய், பக்கவாதம், ஊனம் ஆகியவற்றால் பிறர் உதவி தேவைப்படுபவரை ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கொடுக்க, அந்தப் பொறுப்பைச் சில மணி நேரமோ சில நாளோ இன்னொருவர் ஏற்பது. அமெரிக்காவில் 2006இல் இதற்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. வெளிநாடுகளுக்கு நர்ஸாக, கேர் வொர்க்கராகப் போக நினைக்கும் நம் பிள்ளைகள் வேலை விளம்பரங்களில் இந்தச் சொல்லைப் பார்ப்பார்கள். இன்டர்வியூவில் கேட்டால், நோயாளிக்கான பராமரிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும் சேவை என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களைத் தனியாகக் காட்டும்.

நம் வீடுகளில் அப்படிப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு பெண். பகலில் ஆபீஸ், இரவில் மாமனாரின் படுக்கை. அவள் லீவு கேட்க மாட்டாள். லீவு எல்லாம் ஆஸ்பத்திரி நாட்களுக்கே தீர்ந்திருக்கும். மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைப்பாள், மதிய நேரத்தில் ஃபோனோடு படிக்கட்டுக்குப் போவாள். உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த வார ரோஸ்டரைப் போடும்போதே இரண்டு நாளைக் குறித்துக்கொண்டு, நீங்களே போய்ச் சொல்லுங்கள்.